எஸ்டேட் லாரியிலிருந்து வந்த கியர் பாக்ஸ்

அக்காவின் மாந்தோப்பில் இருக்கும் லாரி என்னைவிட வயதில் மூத்தது. முன்னால் மூக்கு நீண்டு, இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி விளக்கு வைத்த வண்டி. மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கல்யாணமான புதிதிலேயே அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கும் அதற்கு அப்பாலும் பல வருஷம் ஓடிற்று. ரோட்டில் ஓட்டும் வயது தாண்டியபோது, பின்னாலிருந்த பெட்டியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டேங்க் ஒன்றைப் பூட்டித் தோப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

தோப்பின் கீழ்க்கோடியில் கல் வெட்டி விட்டுப்போன பாறைக்குழி ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் தேங்கி, கோடையிலும் வற்றாமல் கிடக்கும். மேல்கோடியில் இருக்கும் போர்வெல் மாசி பிறந்தால் காற்றைத்தான் கொடுக்கும். அதனால் மேட்டில் நட்ட ஒட்டுக்கன்றுகளுக்குக் குழியிலிருந்து தண்ணீர் ஏற்ற வேண்டும். வழி முழுக்கப் பாறையும் சரளையும். டிராக்டரில் டேங்க்கை மாட்டி ஒரு முறை முயன்றதில் டேங்க் பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு ஒட்டுக்கன்றுகளை நசுக்கிக்கொண்டு கவிழ்ந்தது. லாரிதான் அந்த மேட்டுக்குச் சரி என்று முடிவாயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில் லாரியின் எஞ்சின் சூடேறிப் பிளாக் வெடித்தது. அதே வருஷம் மழைக்காலத்தில் மச்சானுக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு கொஞ்சம் குழறியது. அது சீக்கிரமே பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது கையும் காலும் மட்டும் பழையபடி ஆகவில்லை. தடி ஊன்றி நடப்பார். கால் ஓரளவு தூக்கும், பலமாக ஊன்றி அழுத்தச் சொன்னால் அழுத்தாது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவன். சித்தூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குப் போவேன். லாரிக்கு வேறு எஞ்சின் வைக்கலாம் என்று அக்கா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கரும்பலகையில் வருஷக்கணக்காக வரைந்துகொண்டிருந்த ஒன்றைக் கையால் தொட்டுச் செய்ய ஒரு வாய்ப்பு.

எஞ்சின் சுலபமாகக் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், விபத்தில் முகம் நசுங்கிப்போன ஒரு புது மாடல் லாரியின் டர்போ எஞ்சினை, அதன் கியர் பாக்ஸோடு எடுத்து வைத்திருந்தார். எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய கியர் பாக்ஸை அதனோடு சேர்க்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. புது எஞ்சினின் முறுக்கு விசை பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் மேட்டிலேயே பல் சக்கரங்கள் பல்லை உதிர்த்துவிடும்.

"இதோட கியர் பாக்ஸே இருக்குதுங்களே சார். அதுக்குன்னே செஞ்சது. நட்டுப் போட்டு முறுக்குனா முடிஞ்சுதுங்க" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அது நீண்ட ரோட்டில் வேகமாகப் போவதற்காகச் செய்த பெட்டி. முதல் கியரே போதுமான அளவு தாழ்ந்ததில்லை. எங்கள் லாரியின் சக்கரங்களோ பெரியவை. டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டுமானால் கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, வழுக்கி வழுக்கித்தான் ஏற்ற முடியும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது.

இன்னொரு பெட்டி இருக்கிறது என்று மெக்கானிக்கே பிறகு சொன்னார். மறையூருக்கு மேலே, இடுக்கி மலையில், தேயிலை எஸ்டேட் ஏலத்தில் எடுத்த பழைய லாரியை ஒருவர் பிரித்து விற்கப்போகிறார். மலைக்கென்றே கனமாகச் செய்த கியர் பாக்ஸ். முதல் கியரில் போட்டால் ஆள் நடக்கும் வேகத்தில், எவ்வளவு பாரமானாலும் ஏறும். பக்கவாட்டில் தண்ணீர் பம்பைப் பூட்டி ஓட்டுவதற்கு ஒரு வாயும் உண்டு. எஞ்சினோடு அது நேராகச் சேராது. இடையில் ஒரு தட்டு செய்து பூட்ட வேண்டும். அதன் தண்டுக்குப் பெரிய கிளட்ச் தட்டு வேண்டும். பெரிய கிளட்ச் என்றால் பெடல் கல்லாக இருக்கும். கியர் மாற்றுவதும் பழைய முறை. கிளட்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் ஒன்றோடொன்று உரசி அலறும்.

கொழிஞ்சாம்பாறையில் இருந்த புதுப் பெட்டியின் பெடலோ செருப்புக் காலால் தொட்டால் இறங்கும்.

அடுத்த ஞாயிறு மாங்காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் அக்காவிடம் இரண்டையும் விளக்கினேன். விளக்கிவிட்டு, புதுப் பெட்டியே போதும், மேட்டில் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளலாம் என்றேன்.

"சமாளிக்கறதுன்னா என்ன தம்பி? தெனமும் கிளட்ச்சு கருகற நாத்தத்த மோந்துக்கிட்டே ஏறோணுமா?"

"பாரத்தைக் குறைச்சு ஏத்தலாம். பாதி டேங்க்."

"அப்பறம் எதுக்கு லாரி? கொடத்துல சொமந்துக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் கணக்கும் அவள் பக்கம்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"மச்சான் திரும்ப ஓட்டணும்னா அந்த லேசான பெடல்தான் அவருக்கு ஆகும் அக்கா. எஸ்டேட் பெட்டியை வெச்சா அவரு இனி அந்த சீட்டுல உக்காரவே முடியாது."

அக்கா கையில் வைத்திருந்த மாங்காயைக் கூடையில் போடாமல் வைத்துக்கொண்டே நின்றாள். அவளும் டிராக்டர், ஜீப்பு எல்லாம் ஓட்டுபவள்தான். ஆனால் லாரியை அவள் தொட்டதில்லை. அது அவருடையது என்று யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் ஒரு வழக்கம்.

"அவருகிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"நானுங் கேக்குல" என்றாள். "ரண்டு பேரும் கேக்காமயே அவருக்கு எது வேணும்னு பேசிட்டிருக்கறோம்."

பிறகு, மறையூருக்கு மூன்று பேருமாகப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளே சொன்னாள். மச்சானிடம், "ஏனுங்க, ஒரு கியர் பாக்ஸ் பாக்கப் போறோம், வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பொள்ளாச்சி, உடுமலை தாண்டிச் சின்னாற்றுச் செக்போஸ்ட்டில் நின்று மலை ஏறினோம். மச்சான் முன் சீட்டில் இருந்தார். வளைவுகளில் நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் வலது கை தொடை மேல் சின்னதாக அசைந்தது. நான் ரோட்டையே பார்த்தேன்.

மறையூரில் கரும்புக் காட்டைத் தாண்டி மேலே போனதும், தகரக் கொட்டகையில் அந்த லாரி நின்றிருந்தது. உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. வண்டிக்கு ஒரு சீக்கும் கெடையாது. பேப்பருதான் செத்துப் போச்சு. இன்னும் ஸ்டார்ட் ஆவும், ஏறிப் பாக்கியளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "பாக்கறனுங்க" என்றார்.

தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவின் கம்பியை வலது கையால் பிடித்தார். வலது காலைப் படியில் வைத்து உடம்பை இழுத்தார். ஏறவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். இந்தத் தடவை ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் எதிரே பார்த்தார். பிறகு வேட்டியோடு சேர்த்து இடது முழங்காலை வலது கையால் தூக்கி, பாதத்தைக் கிளட்ச் மேல் வைத்தார். அழுத்தினார். பெடல் பாதிதான் இறங்கியது. முழங்கால் நடுங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. கையை முழங்கால் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறங்கி, திரும்ப மேலே வந்துவிட்டது.

உரிமையாளருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "பழைய கிளட்ச்சுல்லா அண்ணாச்சி. மலையில ஓட்டுனவனுக்கே சாயங்காலம் காலு வீங்கிரும்" என்றார் மெதுவாக.

மச்சான் காலை எடுத்துக் கீழே வைத்தார். எஞ்சினைப் போடாமலே, உடம்பைத் திருப்பி வலது கையால் கியர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு இடமாக ஆட்டிப் பார்த்தார். நாங்கள் நிற்பதை மறந்துவிட்டவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். பிறகு இறங்கினார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"லிவருல ஆட்டமில்ல. ஏம்புள்ள, நீ ஏறி எடு. சத்தத்தக் கேக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கொட்டகையிலிருந்து மேலே போகும் மண்பாதையில் முதல் கியரிலேயே வண்டியை ஏற்றிக்கொண்டு போய், அதே கியரில் இறக்கிக்கொண்டு வந்தாள். பிரேக்கையே தொடவில்லை. மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பல்லெல்லாம் நல்லாருக்குது" என்றார். "இதையே எடுத்துக்கலாம்."

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"மாப்ள, கொழிஞ்சாம்பாறையில இருக்கற பொட்டிக்கு லேசான பெடலுன்னு எனக்குத் தெரியும். மெக்கானிக்கு போன்ல சொல்லிட்டாரு. நீங்க அதுக்குத்தான நின்னீங்க?"

"ஆமாங்க மச்சான்."

"என்ற காலு வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியில. வராத காலுக்கு ஒரு வண்டியக் கட்டி நிறுத்தி வெச்சீங்கன்னா, பொழுதுக்கும் நான் அதயத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். அது மேடும் ஏறாது. நானும் ஏற மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

அக்கா, "கேக்க பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

"எனக்கும் அந்த வண்டியில ஏறறதுக்கு பயமாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. மீதி வழியில் அவர் தூங்கிவிட்டார். நான் அன்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவருக்குத் தெரியாமலே அவருடைய காலைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப் பார்த்திருக்கிறேன். அது அன்பில்லாமல் செய்ததல்ல. ஆனால் அந்தப் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. மிதித்துப் பார்த்த பிறகு அவர் முகம் நான் பயந்த மாதிரி ஆகவில்லை. பல மாதமாக அவர் யாரோடும் இவ்வளவு பேசியதும் இல்லை.

கியர் பாக்ஸ் வந்து சேர்ந்ததும் என் வேலை தொடங்கியது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் போடும் தட்டுக்கு நான்தான் படம் வரைந்தேன். எஞ்சினின் மையமும் பெட்டித் தண்டின் மையமும் தலைமுடி அளவு விலகினாலும் வண்டி அதிர்ந்துகொண்டே ஓடி, ஒரு நாள் பேரிங்கைத் தின்றுவிடும். லேத்துக்காரரும் நானும் விலகலை அளக்கும் டயல் கேஜை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கடைசித் துளையைப் போட்டோம். பின்னால் போகும் நீளத் தண்டை வெட்டிக் குட்டையாக்கினோம். எல்லாம் பொருந்திற்று.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. கனமான பெட்டி என்பதால் நீளமும் அதிகம். கியர் கம்பி பழைய ஓட்டையில் வரவில்லை. தரைத் தகட்டில் ஒரு முழம் பின்னால், இடது பக்கம் தள்ளிப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து அதை எட்டிப் பிடிக்க வேண்டும். கம்பியை வளைத்து வைத்துப் பார்த்தோம். ஓரளவுக்கு மேல் வளைக்க முடியவில்லை.

தண்ணீர் நிரப்பி முதல் நாள் ஏற்றியபோது நான் பின்னால் கல்லோடு நடந்தேன். அடிவாரத்தை வண்டி அலட்சியமாக ஏறியது. நடுவில் ஏற்றம் தணிந்து சமதளம் போல வரும் இடத்தில், நடை வேகத்திலேயே போனால் நாள் போதாது என்று அக்கா இரண்டாவது கியருக்குப் போக முயன்றாள். தோப்பு முழுக்கக் கேட்கும்படி பற்கள் அலறின. கியர் எதிலும் விழாமல் வண்டி பின்னால் உருண்டது. நான் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டேன். அக்கா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பிரித்த லாரியையும், அதைப் பிரித்தவரையும், தட்டு வரைந்த என்னையும் சேர்த்துத் திட்டினாள்.

சில வாரம் இப்படியே போயிற்று. மிதித்து, விட்டு, மிதிக்கும் அந்த இடைவெளி அவளுக்குக் கைவரவில்லை. கம்பியை எட்டிப் பிடிக்கும்போது தோள் சாய்ந்து, கால் பிந்திவிடும். மச்சான் ஷெட்டில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மேட்டிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அவள் வந்து கேட்டால், "வந்துரும் புள்ள" என்பார்.

ஒரு ஞாயிறு காலை அவரே தடியை ஊன்றிக்கொண்டு லாரிக்கு வந்து, "நானும் வர்றேன்" என்று இடது பக்கக் கதவைத் திறந்தார். நான் டேங்க்கின் பக்கத்துப் படியில் தொற்றிக்கொண்டேன். பின் கண்ணாடி வழியாக இருவர் தலையும் தெரிந்தது.

சமதளம் வந்ததும் அக்கா கையை நீட்டினாள். அதற்கு முன்பே அவருடைய வலது கை கம்பியின் மேல் இருந்தது. அது அவர் தொடைக்குப் பக்கத்திலேயே நின்றது. எட்ட வேண்டியதே இல்லை.

"நீ கால மட்டும் பாரு. மிதி... உடு... மிதி."

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. எஞ்சின் சத்தம் இறங்கி, வண்டி நிதானமாக மேலே போனது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற இடமும் அல்ல அது. மேலே போய் நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துச் சிரித்தாள். அவர் கம்பியை விடாமல், "கீழ எறங்கறப்ப மொதக் கியருலயே வந்தரோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடை முழுக்க இரண்டு பேருமாகத்தான் ஓட்டினார்கள். அமைதியாக ஓட்டினார்கள் என்று சொல்ல முடியாது. "நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே இழுத்தா என்னங்க பண்றது?" என்று அவள் கத்துவாள். "நீ மிதிக்கற வரைக்கும் வண்டி காத்திருக்குமா?" என்று அவர் கத்துவார். வேலைக்கு வரும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கத்தக் கத்த அவருடைய பேச்சில் மிச்சமிருந்த குழறலும் போய்விட்டது என்று அக்கா சொல்கிறாள். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. பாலக்காட்டில் வாரம் ஒருமுறை கை கால் பயிற்சிக்கும் போய்வருகிறார். காலில் முன்னைவிடப் பலம் இருக்கிறது. அந்தப் பெடலுக்குப் போதாது. இதை இப்போது அவர் முன்னாலேயே பேசுகிறோம். அவரே பேச்சை எடுக்கிறார்.

இந்த வருஷம் அக்காவுக்குக் கியர் கைவந்துவிட்டது. அவர் பயிற்சிக்குப் போகும் நாளில் தனியாகவே ஏற்றிவிடுகிறாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் கம்பியைத் தொடுவதில்லை.

போன மாதம் நானும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே இறங்கி எனக்கு இடம் விட்டாள். மச்சான் தன் சீட்டிலேயே இருந்தார். சமதளம் வந்ததும் நான் கிளட்சை மிதித்துவிட்டு அவர் கையைப் பார்த்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், போடுங்க."

"உங்களுக்கு ரண்டு கையும் நல்லாத்தான இருக்குது மாப்ள? நீங்களே போடுங்க."

எட்டிப் பிடித்து இழுத்தேன். பற்கள் அலறின. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல வேளையாக வண்டி உருளும் முன்பே பழைய இடத்திலேயே கம்பி திரும்ப விழுந்துவிட்டது. பிறகு நான் முயலவே இல்லை. மீதி மேடு முழுவதையும் முதல் கியரிலேயே ஏறினோம். பக்கத்தில் அக்கா நடந்து வந்தாள்; எங்களுக்கு முன்னாலேயே மேலே போய், கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.